கிரெய்க் ஃபாட்ரிக் மலைக்கோட்டை

கிரெய்க் ஃபாட்ரிக் என்பது இசுக்காட்லாந்தில் இன்வர்னசு நகரின் மேற்கு எல்லையில் உள்ள, காடு சூழ்ந்த குன்றாகும். இதன் உயரம் சுமார் 170 மீட்டர். உச்சியில் பழங்காலக் கோட்டை ஒன்றின் எச்சங்கள் உள்ளன.

பாதை

அடிவாரத்திலிருந்து பைன் மரங்களின் ஊடே நடைபாதை மேலேறுகிறது. தொலைவு குறைவு, சில இடங்களில் மட்டும் ஏற்றம் செங்குத்தானது. மரங்களின் இடைவெளியில் பியூலி கடற்கழி தென்படும். உச்சியில் கோபுரமோ வாயிலோ இல்லை. புல் மூடிய இரண்டு மண்மேடுகளே தெரியும். அவையே கோட்டையின் மதில்கள்.

உருகிய கற்கள்

மதில்களில் சில கற்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன. கற்களுக்கிடையே மரச்சட்டங்களை வைத்து மதில் எழுப்பப்பட்டது. அச்சட்டங்கள் தீப்பற்றி நெடுநேரம் கனன்றதால் கற்கள் கண்ணாடிபோல் இளகி இறுகின. தீ வைத்தவர்கள் பகைவரா, கோட்டையைக் கைவிட்டவர்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

காலம்

1971ஆம் ஆண்டு அகழாய்வின்படி மதில்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் கட்டப்பட்டவை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் பிக்டு மக்கள் இங்கு வாழ்ந்தனர். தொங்கு கிண்ணத்தின் அணிப்பகுதியை வார்க்கும் களிமண் அச்சு ஒன்றும் கிடைத்துள்ளது. பிக்டு மன்னர் பிரைடேயின் கோட்டை இதுவே என்ற கருத்துக்கு உறுதியான சான்று இல்லை.

பாதுகாப்பு

நிழல் தரும் மரங்களே கோட்டைக்கு ஆபத்தாகவும் உள்ளன. புயலில் மரம் சாயும்போது வேர்கள் மதிலைப் பெயர்த்துவிடும். மதில்மேல் ஏறாமலும், உருகிய கல்லை நினைவுப்பொருளாக எடுக்காமலும் இருப்பது பார்வையாளர் கடமை. பெயர்த்த கல்லை மீண்டும் வைத்தாலும் அது சொன்ன செய்தி திரும்பாது.