வட்டம் முட்டையாகத் தெரிகிறதா?

கம்ப்யூட்டரில் அழைப்பிதழ், எம்பிராய்டரி டிசைன் போடும் குழுக்கள் அகலத் திரை மானிட்டர் வாங்கியதும் கேட்கிற கேள்வி இது: வட்டமாகப் போட்ட பூ ஏன் படுத்த முட்டை மாதிரி தெரியுது?

பழைய மானிட்டரின் அகலமும் உயரமும் 4:3 கணக்கு. அதற்குரிய 1024-க்கு 768 அளவை 16:9 திரை முழுக்க இழுத்துக் காட்டினால், 3 அங்குல உயர வட்டம் 4 அங்குல அகலமாகிவிடும். ஃபைலில் டிசைன் சரியாகத்தான் இருக்கும். திரையை நம்பி வட்டத்தை ஒடுக்கினீங்கன்னா போச்சு, துணியில் நெட்டை முட்டைதான் விழும். துணி, நூல், கூலி எல்லாம் நட்டம்.

டெஸ்க்டாப்பில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்க. 'ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்றிருப்பதை வையுங்க. பல மானிட்டர்களில் அது 1920-க்கு 1080. பட்டியலிலேயே அந்த அளவு இல்லையா? பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவர் போடாததுதான் காரணம், சர்வீஸ்காரரிடம் சொல்லுங்க. எழுத்து சிறுத்துப்போச்சே என்று பழையபடி மாற்றிடாதீங்க. அங்கேயே 'ஸ்கேல்' 125 சதவீதம் வைத்தால் எழுத்து பெரிதாகும், வடிவம் மாறாது.

பிறகு ஒரு வட்டம் வரைந்து, தையல் டேப்பைத் திரைமேல் வைத்து அளந்து பாருங்க. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் ஆர்டரைத் தொடங்கலாம்.