பச்சிளம் குழந்தையின் முகத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பா? அம்மாவுக்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்!

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் கண்ணைச் சுற்றிச் செந்நிறத் தடிப்பு. நெற்றியிலும் தலையிலும் வட்ட வட்டமாகச் சிவப்பு. திருவிடைமருதூர், கும்பகோணம் பக்கம் இதைப் பார்த்ததும் 'அக்கி'ன்னு சொல்லி காவி எழுதக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் உண்டு. எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுகிறவர்களும் உண்டு.

பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான தடிப்புகள் தானே மறைந்துவிடும். ஆனால், வெயில் பட்டால் அதிகமாகும் ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் 'நியோநேட்டல் லூபஸ்'. அரிதான பாதிப்புதான், ஆனால் கவனிக்காமல் விடக்கூடாது.

எதனால் வருகிறது?

கிருமியை எதிர்க்க உடல் உருவாக்குபவை ஆன்டிபாடிகள். சிலருக்கு இவை சொந்த உடலையே தாக்கும். அவற்றில் 'ஆன்டி-ரோ', 'ஆன்டி-லா' என்ற இரண்டு வகைகள், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போய்விடும். இது தொற்றுநோய் அல்ல. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்.

அம்மாவின் ஆன்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்திலிருந்து குறையக் குறைய, 6 முதல் 8 மாதங்களுக்குள் தடிப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அப்புறம் என்ன பயம்?

இதே ஆன்டிபாடிகள் கருவிலேயே குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். ஆன்டி-ரோ உள்ள தாய்மார்களில் 100-ல் 1 அல்லது 2 கர்ப்பங்களில் 'ஹார்ட் பிளாக்' ஏற்படுகிறது. பெரும்பாலும் 18 முதல் 24 வாரங்களுக்குள். தடிப்பு மாதிரி இது மறையாது. முழு பிளாக் ஏற்பட்ட குழந்தைகளில் பலருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். அதனால்தான் தடிப்போடு வரும் குழந்தைக்கும் இசிஜி எடுக்கப்படுகிறது. ரத்த அணுக்களும் கல்லீரலும் பரிசோதிக்கப்படுகின்றன.

அம்மாவுக்கு ஏன் பரிசோதனை?

இந்த ஆன்டிபாடி இருக்கும் பெண்கள் பலருக்கு அது தெரியாது. கண் உறுத்தல், வாய் வறட்சி, மூட்டுவலி இருந்தாலும் 'வேலைக் களைப்பு'ன்னு விட்டுவிடுவார்கள். 1954-ல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இப்படித் தடிப்புள்ள ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தையின் தாய்க்குப் பிறகுதான் லூபஸ் வெளிப்பட்டது. குழந்தையின் தோல்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.

அடுத்த பிரசவத்துக்கும் இது முக்கியம். ஒரு குழந்தைக்கு ஹார்ட் பிளாக் வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அதைப் பாதியாகக் குறைப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவர் சொல்லாமல் இதை எடுக்கக்கூடாது.

என்ன செய்யணும்?

* தடிப்புள்ள குழந்தையை வெயிலில் காட்ட வேண்டாம்.
* காவி, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆயின்மென்ட் எதையும் தடவ வேண்டாம்.
* குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைகள் பிரிவுகள் ஒரே வளாகத்தில் உள்ளன.
* குழந்தை பால் குடிக்கத் திணறினால், மூச்சு வாங்கினால், உடல் நீலம் பாய்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.
* அடுத்த கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே, முதல் குழந்தைக்கு வந்த தடிப்பைப் பற்றி கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.