பெயர் இல்லாத சாவு!
சயாம் காட்டில் மாண்ட தமிழருக்கு நினைவுச் சின்னம்

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் போகிறது. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதில் போய் வருகிறார்கள். தூரம் 50 கிலோமீட்டருக்குள்தான்.

அதைப்போல் 8 மடங்கு நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போடப்பட்டது. அதைப் போட்டவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை. அந்தப் பாதைக்கு உலகம் வைத்த பெயர், "மரண ரயில் பாதை!"

காட்டில் வேலை

இரண்டாம் உலகப்போர் நடந்த சமயம். மலேயாவை ஜப்பான் ராணுவம் பிடித்திருந்தது. சயாமில் இருந்து பர்மாவுக்குப் படைகளையும் ஆயுதங்களையும் கொண்டுபோக வழி தேவைப்பட்டது. (சயாம்தான் இன்றைய தாய்லாந்து.) 1942-ல் பாதை வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் முடிந்தது. நீளம் 415 கிலோமீட்டர்!

வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர் வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர். மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களும் போனார்கள். "நல்ல கூலி தருவோம்" என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடைமழை. அரை வயிற்றுக் கஞ்சி. அடி, உதை. காலராவும் மலேரியாவும் கூட்டம் கூட்டமாக உயிரைக் குடித்தன. கைதிகளில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

கல்லும் பெயரும்

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊர். அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள். பெரும்பாலானவற்றில் இறந்தவரின் பெயர் இருக்கிறது.

தமிழருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராணுவத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலி ஆளுக்கு முறையான பட்டியல் ஏது? இறந்தவர்களைக் காட்டிலேயே புதைத்தார்கள், எரித்தார்கள்.

2023-ல் காஞ்சனபுரியில் இவர்களுக்கு நடுகல் எழுப்பப்பட்டது. தமிழக அரசும் 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயர் பொறிப்பது நம் முன்னோர் வழக்கம் அல்லவா?

ஜெர்மனியில்...

அதே போர்க்காலத்தில் ஹிட்லரின் ஆட்சி 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. அவர்களுக்காக பெர்லின் நகரின் நடுவில் 2005-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். 2,711 கான்கிரீட் பாளங்கள். வேலி இல்லை, வாசல் இல்லை. யாரும் உள்ளே நடக்கலாம். பாளங்களில் ஒரு எழுத்தும் கிடையாது. ஆனால் கீழே, நிலவறையில் ஒரு கூடம். இறந்தவர்களின் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் அங்கே ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன.

குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் வேறு வழி கண்டார். இறந்தவர் வாழ்ந்த வீட்டு வாசலில், நடைபாதையில், உள்ளங்கை அளவு பித்தளைக் கல் பதித்தார். அதில் அவர் பெயர். இப்படி ஒரு லட்சம் கற்களுக்கு மேல் பதித்தாகிவிட்டது!

இரண்டும் சொல்வது ஒன்றுதான். இத்தனை ஆயிரம் பேர் என்றால் அது கணக்கு. பெயர் சொன்னால்தான் அது மனிதன்.

காஞ்சனபுரியில் கல் நட்டாகிவிட்டது. பெயர்கள் எங்கே? நம் வீடுகளில் இருக்கின்றன. "மலேயாவுக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தத் தாத்தாவின் பெயர், ஊர், போன வருடம் மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகள் இன்றே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் போய்விட்டால், பிறகு யாரிடம் கேட்பது?