தலைமுடி பருமனில் கம்பி! 14 மில்லிமீட்டரில் தூண்!
ரமணாசிரமம் பகுதியில் ஒரு குட்டி ரெயில் வேலி

திருவண்ணாமலை—

ஒரு பலகை. அதன் மேல் 3 அடி நீளத்துக்குத் தண்டவாளம். ஓரத்தில் ஒரு கம்பி வேலி. அவ்வளவுதான். அந்த வேலிக்காக நான் 11 ராத்திரி தூக்கம் கெட்டேன் என்றால் நம்புவீர்களா?

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து. அதில் வாடகை அறை. பகலில் போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று சுற்றல். ராத்திரியில் குட்டி ரெயில்.

1896 செப்டம்பர் 1-ந்தேதி, வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் திருக்கோவிலூரில் ரெயில் ஏறி இந்த ஊரில் வந்து இறங்கினான். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அவர் வந்த விழுப்புரம்-காட்பாடி பாதை மீட்டர் கேஜ். அது 2010-ல் அகலப் பாதையாகி விட்டது. பழைய தண்டவாளம் போயே போச்சு. பலகை மேலாவது இருக்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தேன்.

கணக்கு உதைத்தது

குட்டி ரெயில்காரர்கள் உலகம் முழுக்க அதிகம் பின்பற்றும் அளவு 87-ல் ஒரு பங்கு. 4 அடி வேலி என்றால் குட்டியில் 14 மில்லிமீட்டர். 10 அடிக்கு ஒரு தூண் என்றால், தூணுக்குத் தூண் 35 மில்லிமீட்டர்.

தூணுக்குக் கவலை இல்லை. தீக்குச்சியின் பருமன் சுமார் 2 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 7 அங்குலம். நம்ம ஊர்ப் பக்கம் நடும் கல் தூண் அச்சு அசல்! கோந்தில் சிமெண்டுத் தூளைக் குழைத்துப் பூசினேன். கல்லாகவே மாறியது.

கம்பிதான் காலை வாரியது. மின்சார ஒயரைச் சீவி ஓர் இழை எடுத்துக் கட்டினேன். 0.2 மில்லிமீட்டர்தானே என்று நினைப்பு. நிஜ அளவில் அது 17 மில்லிமீட்டர்! வேலியா அது? கட்டைவிரல் பருமனில் ஜெயில் கம்பி!

4 மில்லிமீட்டர் வேலிக் கம்பி, குட்டியில் 0.05-க்கும் குறைவாக இருக்க வேண்டும். மனிதத் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன்.

கடைசியில் கைகொடுத்தது தையல் கடை நூல். முறுக்கைப் பிரித்து ஒரே ஓர் இழை எடுக்க வேண்டும். அதில் பஞ்சு மாதிரி பிசிறு நிற்கும். மெழுகுவர்த்தியில் இழுத்துத் தேய்த்தால் படிந்து விடும். பிறகு காவியும் கறுப்பும் கலந்து தொட்டால் துருப்பிடித்த கம்பி! ஒவ்வொரு தூணிலும் ஒரு சுற்று, ஊசி முனையில் ஒரு சொட்டுக் கோந்து.

"முட்டுக் கால் குடு தம்பி!"

அடுத்த சோதனை. நூலை விறைப்பாக இழுத்ததும் கடைசித் தூண் சாய்ந்தது. தளர்த்தினால் கம்பி தொய்ந்தது.

பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. ரெயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டி வந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இழுப்பு பூரா முனைத் தூணுக்குத்தான் வரும் தம்பி. உள்பக்கமா சாய்ச்சு ஒரு முட்டுக் கால் குடு. நிஜ வேலிக்கும் அதேதான்."

கொடுத்தேன். நின்றது!

"கத்தாழை எங்கே?" என்றார் அடுத்து. கம்பி இல்லாத இடத்தில் பாதை ஓரமாக வேலிக்கு வைத்த கற்றாழை. அதனால்தானே அதற்கு 'ரெயில் கற்றாழை' என்றே பெயர்! பச்சைக் காகிதத்தை ஊசி ஊசியாக வெட்டி, கொத்தாக ஒட்டினேன்.

புனே கோத்ரூட் பகுதியில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கிய குட்டி ரெயில் அருங்காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது. அங்கும் வண்டி மட்டும் இல்லை. சிக்னல், விளக்குக் கம்பம், வேலி எல்லாம் உண்டு. வேலி இல்லாத பாதை பொம்மைக் கடை ரெயில்தான்.

"வழி எங்கே?"

11-வது ராத்திரி வேலை முடிந்தது. பெரியவர் வந்து பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நிஜம் இல்லே."

"ஏன் அய்யா?"

"வழி எங்கே? எந்த ஊர்லே ஜனங்க வேலியை முழுசா விட்டு வெச்சாங்க? ஒரு கம்பியை மிதிச்சு அமுக்கி, ஒரு கம்பியைத் தூக்கி, ஒத்தையடிப் பாதை போட்டிருப்பானே! அங்கேதான் நாங்க கோணிப் பையோட போவோம்."

எனக்குச் சுருக்கென்றது. 'தண்டவாளத்தைக் கடக்க முயன்றபோது ரெயில் மோதி...' இந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன்! பெயர், வயது, ஊர் மட்டும் மாறும். ஒரு தடவையாவது அவர் நுழைந்த ஓட்டையைப் போய்ப் பார்த்தேனா? இல்லை.

தேவையான இடத்தில் வேலி போடச் சொல்ல 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 18-வது பிரிவில் அரசுக்கு அதிகாரம் உண்டு. அத்துமீறிப் பாதைக்குள் நுழைந்தால் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது.

பிளேடை எடுத்து நடுக் கம்பியை அறுத்தேன். 11 ராத்திரி வேலை. அறுக்க ஒரு நொடி. மேல் கம்பியைத் தளர்த்தினேன். தரையில் மண் தூவி ஒத்தையடிப் பாதை போட்டேன்.

"இப்போ நிஜம்" என்றார் பெரியவர். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "பலகையிலே இருக்கட்டும் தம்பி. நிஜத்துலே அடைச்சாகணும்."

இனிமேல் அந்தச் செய்தி வந்தால், பெயர், வயதோடு வேலியில் ஓட்டை எந்த இடம் என்றும் எழுதுவதாக இருக்கிறேன்.