குறட்டை விடும் பிள்ளையைக் கவனியுங்கள்

"தகப்பனைப் போலவே குறட்டை விடுகிறான்" என்று சிரித்தபடி சொல்லும் தாய்மார் பலர். தடிமன் பிடித்தால் எந்தப் பிள்ளையும் குறட்டை விடும். ஆனால், தடிமன் இல்லாத போதும் கிழமையில் மூன்று நான்கு இரவுகள் சத்தமாகக் குறட்டை விட்டால் பிள்ளையை உற்றுக் கவனிக்க வேண்டும்.

மூக்கின் பின்புறத்தில் அடினோயிட் என்னும் சதையும், தொண்டையின் இரு பக்கத்திலும் டொன்சிலும் உள்ளன. இரண்டு முதல் எட்டு வயது வரையில் இவை மூச்சுப்பாதையை நெருக்கும் அளவுக்குப் பெருப்பதுண்டு. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்ததும் பாதை அடைபடும். குறட்டை திடீரென நிற்கும். நெஞ்சும் வயிறும் அசையும், காற்று மட்டும் போகாது. சில விநாடிகளில் பிள்ளை திணறி, ஒரு பெருமூச்சுடன் மீண்டும் உறங்கும். இது ஓர் இரவில் பலமுறை நடக்கலாம். காலையில் பிள்ளைக்கு எதுவும் நினைவிராது.

நித்திரை கெட்ட பெரியவர் பகலில் தூங்கி விழுவார். சிறு பிள்ளையோ ஓரிடத்தில் இராது. எரிச்சல், அடம், முன்பள்ளியில் கவனக் குறைவு என்று முறைப்பாடு வரும். வாயைத் திறந்தபடி, தலையைப் பின்னே சாய்த்து, வியர்த்து நனைந்து உறங்கும். படுக்கையில் சலம் போவதை நிறுத்திய பிள்ளை மீண்டும் தொடங்கலாம். சிலருக்கு நிறையும் கூடாது.

2009 இல் பதுங்குகுழிக்குள் கிடந்த சிறுமிகள்தான் இன்று தாய்மாராக இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளை இரவில் திடுக்கிட்டு எழும்பினால், சலம் போனால், "தாயின் பயம் பிள்ளையில் இறங்கிவிட்டது" என்று சொல்ல ஆட்கள் உண்டு. தாயும் அதை நம்பி, தன்னையே நொந்துகொண்டு, நூல் கட்ட அலைகிறாள். மனப்பயத்தாலும் நித்திரை குழம்பும், மறுப்பதற்கில்லை. எனினும் மூச்சைக் கவனிக்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. தாய் மீது பழி போடுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது!

பகல் முழுவதும் கூலி வேலை செய்த தாய் இரவிரவாக விழித்திருக்கத் தேவையில்லை. இந்த அடைப்பு விடியற்புறத்தில்தான் கூடுதலாக இருக்கும். மூன்று நான்கு மணிக்கு எழும்பினால் சிறிது நேரம் பாருங்கள். கைத்தொலைபேசி இருந்தால் சேட்டை விலக்கி, நெஞ்சு தெரிய ஓரிரு நிமிடம் படம் பிடியுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டினால், காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. லேசான அடைப்புக்கு மூக்கில் விசிறும் மருந்தைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். சதையை வெட்டினால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயப்பட வேண்டாம்; அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு பகுதிகள் உண்டு. நித்திரை வரட்டும் என்று வீட்டில் இருக்கும் தடிமன் பாணியைக் கொடுப்பது ஆபத்து. விறகடுப்பு, நுளம்புத்திரி, சிகரெட் புகை பிள்ளை படுக்கும் இடத்தில் வேண்டாம். நுளம்புக்கு வலை போதும்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, விழித்திருக்கும்போதும் விலா எலும்பிடையே சதை உள்ளிழுத்தாலோ விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.