சனிக்கிழமைக் கூலி செவ்வாய்க்கிழமைக்குள் எங்கே போகிறது?



சூரமங்கலத்திலும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் வாரக் கூலியில் ஓடுகிற குடும்பங்கள் ஏராளம். தறி ஓட்டுகிறவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர், ஜங்ஷனில் மூட்டை இறக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று பலருக்கும் சனிக்கிழமை சாயங்காலம்தான் கையில் காசு. செவ்வாய், புதன் வந்தால் "ஒரு நூறு ரூவா இருக்குதுங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய செலவு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் காசு இல்லை.

வருமானமே போதவில்லை என்பது பல வீடுகளில் உண்மை. அதை மறைத்து, சிக்கனமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான். யாரும் தொடாத பணமாக ஒரு 10,000 ரூபாய் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இருக்க வேண்டும். பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. குழந்தையின் காய்ச்சலும் அப்படித்தான். அந்த ராத்திரியில் கையில் காசில்லாத குடும்பம் வட்டிக்காரர் வாசலில்தான் போய் நிற்கிறது.

அங்கே என்ன நடக்கிறது என்று கணக்குப் பாருங்கள். 3 வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 300 ரூபாய். வருஷம் முடிந்தால் 3,600 ரூபாய் கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். தண்டல் இன்னும் மோசம். கையில் 9,000 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூவாதானே அதிகம்" என்று தோன்றும். ஆனால் 50-ஆம் நாளிலேயே பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். சராசரியாகப் பார்த்தால் 100 நாளும் உங்களிடம் இருந்தது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 6 ரூபாய்க்கு மேல் ஆகிறது! அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது உண்மை. ஆனால் நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக உதவுவது சட்டமல்ல, சொந்தப் பணம்.

அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பது? முதலில் போகிற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஏம்புள்ள, சனிக்கிழமைதானே குடுத்தேன், அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?"

"நானா முழுங்கிட்டேன்? நீங்க எடுத்துக்கிட்டுப் போனதையும் சேத்துக் கணக்குப் பண்ணுங்க!"

எழுதி வைக்காத வரை இந்தப் பேச்சு சண்டையில்தான் முடியும். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இரண்டே இரண்டு வாரம், இருவரும் செலவை எழுதுங்கள். மனைவி மட்டும் எழுதிக் கணவர் எழுதாமல் இருந்தால் பயனில்லை. ஒரு டீ 12 ரூபாய் என்றால், நாளைக்கு நாலு டீ மாதத்தில் 1,440 ரூபாய். டீயை விடச் சொல்லவில்லை. இரண்டாகக் குறைத்தால் 720 ரூபாய் மிச்சம். பீடி, சிகரெட், சாராயக் கடைச் செலவையும் அதே நோட்டில் எழுத மனசு வர வேண்டும். பல வீடுகளில் சமையல்கட்டில் மிச்சம் பிடித்த காசெல்லாம் இந்த ஒரு வரியில் கரைந்து போகிறது.

சமையல்கட்டுக்கு வருவோம். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு இவற்றை ராத்திரியே ஊற வைத்தால் சீக்கிரம் வேகும். பாத்திரத்தை மூடி வேக வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீர் பெருந்தீயில் ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஏறாது. பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ எரிந்தால் அது காற்றுக்குத்தான் சூடு. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துலக்குங்கள். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 38 நாள் வந்த சிலிண்டர் 45 நாள் வந்தால் வருஷத்துக்கு ஒன்றரை சிலிண்டர் மிச்சம்.

கரண்டுக்கும் இதே கணக்குதான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அந்த நூறை எப்படிச் செலவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் 3 யூனிட்டுக்கும் குறைவு. வெந்நீர் போடும் கம்பி 1,500 வாட் என்றால், தினம் 20 நிமிஷம் போட்டாலே இரண்டு மாதத்தில் 30 யூனிட். நம் ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை. மொட்டை மாடியில் மூடி போட்ட கறுப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், சாயங்காலம் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற சூடு வந்திருக்கும். புது மாதிரி ஃபேன் கரண்டைப் பாதியாகக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் நன்றாக ஓடுகிற ஃபேனைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைத் தவணையில் வாங்குவது சிக்கனமல்ல. பழையது கெட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்குக் காபித்தூள் என்று தினம் வாங்கினால் மாதக் கடைசியில் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். (ஷாம்பு மட்டும் விதிவிலக்கு. பல சமயம் பெரிய பாட்டிலைவிடச் சின்ன பாக்கெட்டே மலிவு. அளவைப் படித்துப் பாருங்கள்.) காய்கறிக்குச் சூரமங்கலத்திலேயே உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டபோது வைத்த ஏற்பாடுதான் இங்கேயும்: விவசாயியே நேராக விற்பார், விலை பலகையில் எழுதியிருக்கும். வெளிக்கடை விலையோடு ஒப்பிட அந்தப் பலகை ஒன்றே போதும்.

டின்னில் வரும் சத்து மாவுக்குப் பல வீடுகளில் பணம் கொட்டுகிறார்கள். ராகி, கம்பு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, நாமக்கல் முட்டை எல்லாம் நம் காலடியில் கிடக்கின்றன. கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் கூட வேண்டாம். பால் டின் வாங்கினால் டின்னுக்கும் செலவு, பாட்டில் சுத்தமில்லாமல் வருகிற வயிற்றுப்போக்குக்கும் செலவு.

நோய்ச் செலவுதான் எல்லாவற்றிலும் பெரியது. தண்ணீர் வராத நாளுக்காக டிரம்மில் பிடித்து வைக்கிறோம். அதைச் சரியாக மூடாவிட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டை இடும். 2017-ல் சேலம் மாவட்டம் டெங்குவால் பட்ட பாடு மறந்திருக்காது. வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுவதற்குக் காசு செலவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். சோர்ந்துபோய் எதையும் குடிக்காமல் கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரியவர்களில் சிலர் காய்ச்சல் வந்தால் "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், உப்பு, சர்க்கரை. வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது தேவையில்லை.

அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷம் இடைவெளி விடுவது தாயின் உடம்புக்கும் நல்லது, வீட்டுக் கணக்குக்கும் நல்லது. காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, நிரோத் எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எது வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தை போதும் என்று தீர்மானித்தவர்களுக்கு ஒன்று: ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சை, பெண்களின் ஆபரேஷனைவிட மிக எளிது. ஆனாலும் எங்களிடம் வருவது பெண்கள்தான்!

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது? அரிசிப் பானைக்குள் வைத்தால் கைக்கு எட்டும். கைக்கு எட்டுவது நிற்காது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு கட்டலாம். அவசரத்துக்கு எடுக்க அங்கேயே சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு மகளிர் குழு இருக்கிறது. 1965-ல் நம் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரியில்தான் 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின. இரண்டொரு வருஷத்தில் சேலத்துக்கும் வந்தன. சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்து, அவசரத்துக்குத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். அந்த வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்பி வந்தது, தண்டல்காரர் பைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை கூலி வந்ததும், கடைக்குப் போகும் முன்பே, 200 ரூபாயைத் தனியாக எடுத்துவிடுங்கள். 52 வாரத்தில் 10,400 ரூபாய். அவ்வளவு முடியாதவர் 50 ரூபாயில் தொடங்கலாம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். பேறுகால உதவிப் பணத்துக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவு எண் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக 108, பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102. இரண்டு வண்டிக்கும் காசு கிடையாது. இரண்டு எண்களையும் படுக்கிற இடத்துக்கு எதிரே சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.