கடக்வாஸ்லா போகும் முன் கால் எலும்பைக் கேளுங்கள்

மழைக்காலம் முடிந்த நேரம். உடுமலையிலிருந்து என் அண்ணன் மகன் புனேவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை மூன்றையும் தாண்டிவிட்டான். ஜனவரியில் சேர வேண்டும். அதற்காகத் தினமும் விடியற்காலையில் சிங்ககட் சாலையில், தார் மேல், 12 கிலோமீட்டர் ஓடினான். மூன்றாவது வாரம் மாடிப்படியில் வலது காலை ஊன்றாமல் இறங்கி வந்தான்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா, ஓட ஓடச் சரியாயிடும்."

அவன் பையில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி.

உட்கார வைத்து, கணைக்காலின் முன் எலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வலி எலும்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் அது தசையும் எலும்பின் மேலுறையும் சோர்ந்துபோன வலி. ஒரே புள்ளியில் குத்தினாலோ, ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுள்ளென்றாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர் என்பார்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது.

இந்தப் பையன் செய்ததைத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செய்கிறார்கள். கடக்வாஸ்லா ஏரிக்கரையில் 1955 ஜனவரி 16 அன்று திறக்கப்பட்ட அந்த அகாடமியின் மூன்றாண்டுப் பயிற்சி கடுமையானது என்பது ஊரறிந்தது. அணி அணியாக ஓடும் ஜோஷ் ரன், கிரீன்ஹார்ன், ரோவர்ஸ், டோர்னா என்று முகாம்கள், முதுகுச் சுமையோடு மலையேற்றம். அதைக் கேள்விப்பட்டுவிட்டு, சேர்வதற்கு முன்பே அந்த மூன்றாண்டையும் மூன்று வாரத்தில் ஓடித் தீர்க்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.யின் அறிவிக்கை என்ன கேட்கிறது தெரியுமா? 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுவது, ஸ்கிப்பிங், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிற்றில் 3 முதல் 4 மீட்டர் ஏறுவது. அவ்வளவுதான். சாதாரண ஆரோக்கியமுள்ள ஒரு பிள்ளை மூன்று நான்கு மாதத்தில் அடையக்கூடியது. மீதியை அங்கே பருவம் பருவமாக ஏற்றுவார்கள். உடையாத உடம்போடு போய்ச் சேர்வதுதான் நம் வேலை.

எலும்பு ஏன் உடைகிறது என்று புரிந்தால் பொறுமை தானாக வரும். புதிய சுமை விழுந்ததும் எலும்பு முதலில் தன் பழைய திசுவைக் கரைக்கும். பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவது மெதுவாக நடக்கும். அதனால் புதுப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடுவதால் "இன்னும் ஓடலாம்" என்று மனம் சொல்லும். அந்த வாரங்களில்தான் ஆபத்து.

ஆகவே நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். தார்ச்சாலையைவிட மண் தரை நல்லது. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டமே வேண்டாம். புதுப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகாதீர்கள். முதலில் நடந்து பழக்குங்கள். சின்-அப் வராதவர்கள் ஸ்டூலில் ஏறி, கம்பிக்கு மேல் தாடையை வைத்து, மெதுவாக இறங்கிப் பழகினால் சில வாரங்களில் மேலேறும் பலம் வரும். நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொண்டால் அங்கே ஒரு பயம் குறையும். கேழ்வரகு, முட்டை, நெத்திலி, பால், எட்டு மணி நேரத் தூக்கம். வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜிம்மில் யாரோ கொடுக்கும் பெயர் தெரியாத பொடியும் ஊசியும் வேண்டவே வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது வலியை மறைக்கும், விரிசலை ஆற்றாது. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் ஓடும் பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ நிழலுக்கு இழுத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்களில்தான் உயிர் போகிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தத் தேர்வின் கதவைத் திறந்தது. 2022-ல் சேர்ந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். எலும்பில் நுண்விரிசல் பெண்களுக்குக் கூடுதலாகவே வருகிறது. பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு நின்றுபோனால் உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு தேய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள்.

இனி, வீடுகளில் யாரும் பேசாத விஷயம். சேரும்போது பெற்றோரிடம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்குகிறார்கள். பயிற்சியால் மகனுக்கோ மகளுக்கோ காயம் நேர்ந்தால் அரசிடம் இழப்பீடோ நிவாரணமோ உரிமையாகக் கோர முடியாது என்பதைப் புரிந்துகொண்டேன் என்கிறது அது. சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பத்திரமும் உண்டு. பெருமையில் கண் கலங்கி நிற்கும் அப்பா அதைப் படிப்பதே இல்லை. படியுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

உரிமையாக இல்லாவிட்டாலும் கருணைத்தொகை இருக்கிறது. ராணுவப் பயிற்சியால் ஊனமுற்று வெளியேற்றப்படுபவருக்கு, ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையில், மாதம் 9,000 ரூபாய். ஊனம் முழுமையானால் அதோடு மாதம் 16,200 ரூபாய், குறைந்தால் விகிதப்படி, 20 சதவீதத்துக்குக் கீழே இந்த இரண்டாவது தொகை கிடையாது. குழுக் காப்பீடும் உண்டு. ஆனால் சேர்வதற்கு முன்பே இருந்த நோயால் வந்த ஊனம் என்று ஆகிவிட்டால் அது கைவிரிக்கும்.

அதிகாரியாகப் பதவியேற்பதற்கு முன்பே ஊனமுற்றதால் இவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வருவதில்லை. 1985-லிருந்து பல்வேறு ராணுவ அகாடமிகளிலிருந்து இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர். அவர்களின் நிலை பத்திரிகையில் வெளியானதும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆகஸ்ட் 29 முதல் இவர்களை முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டத்தில், நுழைவுக் கட்டணமில்லாமல் சேர்ப்பதாக அரசு சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

இதெல்லாம் காகிதத்தில் நிற்கும் உதவி. காயம் எங்கே, எப்போது, எந்தப் பயிற்சியில் நேர்ந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. ஆனால் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். ரிலிகேஷன் ஆகிவிடும், அதாவது ஒரு பருவம் பின்தங்கி இளையவர்களோடு சேர வேண்டிவரும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பதினெட்டு வயதில் ஆறு மாதம் என்பது ஒரு யுகம். ஆனாலும் வலியை முறைப்படி தெரிவிக்கும் சிக் ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள். காய அறிக்கை பதிவானதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஃபோனில் "சமாளிச்சுக்கோடா" என்று சொல்லாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையிலேயே தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டாலும் அது கடைசி வார்த்தை இல்லை. மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் நிற்க 42 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டுவிட்டு அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "நூறு சதவீதம் செலக்‌ஷன்" என்று பணம் வாங்கும் எஸ்.எஸ்.பி. பயிற்சி மையங்கள் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. 2024 நவம்பரில் வந்த விதிமுறைகள் அப்படிப்பட்ட உத்தரவாத விளம்பரத்தையே தடுக்கின்றன.

என் அண்ணன் மகன் ஆறு வாரம் ஓடவில்லை. சைக்கிள் மிதித்தான், நீந்தினான், கம்பியில் தொங்கினான். பிறகு மண் தரையில் நடையிலிருந்து தொடங்கினான். சேரும் நாளுக்கு முன் இரவு, எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கொண்டுபோக வேண்டுமா என்று இருவருக்கும் வாக்குவாதம்.

"காட்டினா திருப்பி அனுப்பிட்டா என்ன சித்தப்பா பண்றது?"

"மறைச்சுட்டு, நாளைக்கு அதே கால் மறுபடி போனா, இது பழைய காயம்னு ஒரு வரி எழுதிட்டா போதும்டா."

வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து போய், ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அந்த அறிக்கையையும் சேர்த்துப் பின் பண்ணி, கறுப்புப் பெட்டியில் துணிகளுக்கு மேலே வைத்தான்.